பிடில்காரர்களின் ஊரில்: கிளாஸ்கோ நாட்குறிப்பு

புதன்

லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறினால் நாலரை, ஐந்து மணி நேரத்தில் கிளாஸ்கோ சென்ட்ரல். சாயங்காலம் ஐந்து மணிக்கு இறங்கியபோதே நள்ளிரவு மாதிரி இருட்டு. ஜனவரிக் கடைசியில் யாராவது ஸ்காட்லாந்துக்குச் சுற்றிப் பார்க்கப் போவார்களா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டார்கள். போகிறார்கள், அதுவும் கூட்டம் கூட்டமாக. எல்லாம் செல்டிக் கனெக்‌ஷன்ஸ் என்ற மரபிசை விழாவுக்காக. கிறிஸ்துமஸ் முடிந்தபின் ராயல் கான்சர்ட் ஹால் காலியாகக் கிடக்கிறதே, அதை எதைக் கொண்டாவது நிரப்புவோம் என்று 1994இல் தொடங்கியது. இப்போது மூன்று வாரத்துக்கு ஊரில் உள்ள ஹால், சர்ச், பப் எல்லாவற்றிலும் கச்சேரி. நம் மார்கழி சீசனுக்கு இருப்பதுபோல இதற்கும் குளிர்காலத்தில் மட்டும் வேலை விட்டுவிட்டு வரும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

நான் வந்தது ஞாயிற்றுக்கிழமைக்காக. பிபிசி ரேடியோ ஸ்காட்லாந்து நடத்தும் இளம் மரபிசைக் கலைஞர் விருதின் இறுதிச் சுற்று அன்றைக்குத்தான். பதினாறிலிருந்து இருபத்தேழு வயது வரை உள்ளவர்கள் போட்டியிடலாம். பிடில், பேக்பைப், அக்கார்டியன், கிதார், பியானோ, ஸ்காட்லாந்தின் சொந்த மொழிகளான கேலிக், ஸ்காட்ஸ் இரண்டிலும் பாட்டு, எல்லாம் ஒரே தட்டில். இறுதியில் ஆறு பேர். சைமன் தூமைர் என்ற கான்சர்ட்டினா (கையடக்கத் துருத்தி வாத்தியம்) கலைஞர் தொடங்கிவைத்த போட்டி. 2001இல் முதலில் வென்றவர் அரன் தீவைச் சேர்ந்த கிலியன் ஃப்ரேம் என்ற பிடில் கலைஞர். வென்றவர்களின் பட்டியலை ரயிலில் வாசித்துக்கொண்டே வந்தேன். பாதிப் பேர் நான் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பவர்கள். 2003இல் கிதாரில் ஆனா மாஸி, 2016இல் கான்சர்ட்டினாவில் மோசென் அமினி, 2023இல் பியானோவில் ஷெட்லண்ட் தீவின் ஏமி லாரன்சன்.

கல்லூரி நண்பன் வீடு பார்ட்டிக்கில். சப்வேயில் போனேன். 1896இல் திறந்த பாதை. ஒரே ஒரு வட்டம், பதினைந்து ஸ்டேஷன், கிளை எதுவும் கிடையாது. திசை மாறி ஏறினாலும் சுற்றிக்கொண்டு வந்து சேரலாம். பெட்டிதான் பொம்மை ரயில் அளவுக்குச் சின்னது.

“போட்டி பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தே? யூட்யூப்ல வராதாடா?” என்றான் நண்பன். ரசம் வைத்திருந்தான் என்பதால் பதில் சொல்லவில்லை.

வியாழன்

காலையில் நேஷனல் பைப்பிங் சென்டர். மக்பேட்டர் தெருவில் பழைய சர்ச் ஒன்றைப் பேக்பைப்புக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே சின்ன அருங்காட்சியகம், மேலே வகுப்பறைகள். கண்ணாடிப் பெட்டிக்குள் கறுத்துப்போன ஒரு மரக்குழல் இருக்கிறது. இயன் டால் மக்கே என்ற பார்வையற்ற பைப்பர் வாசித்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பிறந்து தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர். இன்றைக்கு மிஞ்சியிருக்கும் ஹைலண்ட் பைப்புக் குழல்களில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். துளைகளின் ஓரம் விரல்பட்டுத் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். காவலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பேக்பைப்பை நாம் கல்யாண ஊர்வலத்திலும் போலீஸ் அணிவகுப்பிலும் கேட்டிருக்கிறோம். அதன் கஷ்டம் இங்கே வந்துதான் புரிந்தது. குழலில் மொத்தம் ஒன்பது ஸ்வரம். தோள்மேல் சாய்ந்திருக்கும் மூன்று குழாயும் ஒத்து: இரண்டு நடு ஸ்தாயி, ஒன்று மந்திரம். பையிலிருந்து காற்று ஓயாமல் போய்க்கொண்டே இருப்பதால் நடுவில் நிறுத்தம் என்பதே கிடையாது. சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டுமென்றால் என்ன செய்வது? நடுவில் கண் இமைக்கும் நேரத்துக்கு வேறொரு ஸ்வரத்தைத் தொட்டு வெட்ட வேண்டும். பைப்பரின் திறமை முழுக்க இந்த வெட்டுகளில்தான் இருக்கிறது. ஒரு வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. பையில்லாத பயிற்சிக் குழலில் ஒரு சிறுவன் ஒரே வெட்டை இருபது, முப்பது தடவை வாசித்துக்கொண்டிருந்தான். வாத்தியார் ஜன்னலைப் பார்த்தபடியே, “இன்னொரு தடவை” என்றார். பையன் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை.

பைப்ராக் என்று ஒரு பெரிய வகை உண்டு. மெதுவான ஒரு பல்லவி, அப்புறம் அதன்மேல் அடுக்கடுக்காக விரியும் மாற்றங்கள். அதை முன்காலத்தில் ஏட்டில் எழுதாமல் வாயாலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஹிஹரின், ஹோட்ரோ என்று ஒவ்வொரு விரலசைவுக்கும் ஒரு சொல். மிருதங்க வகுப்பு வாசலில் நின்றிருக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயம் கேட்டு வைத்துக்கொண்டேன், ஞாயிற்றுக்கிழமைக்கு உதவும். ஹைலண்ட் பைப்பின் ஆதார ஸ்வரத்தை ஏ என்று எழுதுகிறார்கள், ஆனால் கேட்பது பி ஃப்ளாட் பக்கம். நம் கணக்கில் ஆறரைக் கட்டை. பிடில்காரர்கள் ஆறு கட்டையில் வசதியாக உட்கார்ந்திருப்பவர்கள். பைப்பின் சத்தமோ, பக்கத்தில் நிற்கும் யாரையும் அமுக்கிவிடும். அதனால் குழுவோடு வாசிக்கும் இளைஞர்கள் பலர் துருத்தியால் காற்றடிக்கும் சிறிய பைப்புக்கு மாறிவிடுகிறார்கள். பெரிய பைப்பை எடுத்துக்கொண்டு போட்டி மேடை ஏறுபவர் எதை எதிர்த்து வாசிக்கிறார் என்று இப்போது தெரிகிறது.

சாயங்காலம் ராயல் கான்சர்ட் ஹாலில் டேனி கைல் ஓப்பன் ஸ்டேஜ். டேனி கைல் பெய்ஸ்லி ஊர்ப் பாடகர், 1998இல் காலமானவர். புது ஆட்களை மேடையேற்றுவதில் பித்து. அவர் பெயரில் விழா நாட்களில் நடக்கும் இந்த மேடைக்கு டிக்கெட் கிடையாது. தேர்வானவர்களுக்கு அடுத்த வருட விழாவில் ஒரு வாய்ப்பு. நான் போனபோது பள்ளிச் சீருடையைக் கழற்றி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காத மூன்று பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள்: பிடில், விசில் என்ற சின்னப் புல்லாங்குழல், கிதார். கிதார் பெண் தன் கையைப் பார்க்கவே இல்லை. பிடில்காரியின் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். வில் ஓரிடத்தில் தயங்கியது. கிதாரும் கூடவே தயங்கி, கூடவே புறப்பட்டது. ஹாலில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் மட்டும் ‘பலே’ என்று சொல்லிவிட்டு, முன்வரிசைத் தாத்தா திரும்பிப் பார்த்ததும் இருமிச் சமாளித்தேன்.

வெள்ளி

நாள் முழுக்க மழை. கெல்விங்ரோவ் அருங்காட்சியகத்தில் மதியம் ஆர்கன் வாசிப்பைக் கேட்டுவிட்டு, தூறலில் நனைந்து வீடு வந்தேன். ஹாகிஸ் சாப்பிட்டுக் கொண்டாடும் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்த நாள் ஜனவரி 25 என்பதால் கடைகளில் இன்னும் ஹாகிஸ் குவிந்து கிடக்கிறது. ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு கொத்திச் செய்வது. மிளகு தூக்கலாக, நன்றாகவே இருந்தது. நண்பன் அதைத் தோசைக்குத் தொட்டுக்கொண்டான். அவனை ஒன்றும் செய்ய முடியாது.

சனி

ஃபின்னிஸ்டன் பக்கம் ஆர்கைல் தெருவில் ஒரு பப். மூலை மேஜையைச் சுற்றி எட்டுப் பேர்: நாலு பிடில், ஒரு அக்கார்டியன், இரண்டு விசில், ஒரு கிதார். இதற்குப் பெயர் செஷன். மேடை இல்லை, மைக் இல்லை, நிகழ்ச்சி நிரலும் இல்லை. ஒருவர் ஒரு மெட்டை ஆரம்பிப்பார். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் பீர் குடிப்பார்கள். மூன்று மெட்டு கோத்தால் ஒரு செட். ஒன்றிலிருந்து அடுத்ததுக்குத் தாவும்போது ஆரம்பித்தவர் புருவத்தை லேசாக உயர்த்துவார், அல்லது “ஹப்” என்பார். அவ்வளவுதான் அறிவிப்பு. சுற்றி நிற்பவர்கள் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. கை தட்டினால்தான் கொஞ்சம் சங்கடப்படுகிறார்கள்.

எழுதாத சட்டங்கள் மட்டும் ஏகப்பட்டது. கிதார் ஒன்றுக்கு மேல் இருந்தால் முகம் சுளிப்பார்கள். பௌரான் என்ற கைப்பறையோடு யாராவது உள்ளே நுழைந்தால் மேஜையில் ஒரு நொடி அமைதி நிலவும். அது ஒன்றே போதும், இரண்டு கூடாது. வந்த புதிதில் மூச்சுவிடாமல் வாசிக்கக் கூடாது. நல்ல பிடில்காரர் என்று பேர் வாங்கிய ஒரு பெண் நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் தானாக ஆரம்பித்தது இரண்டே செட். மற்ற நேரமெல்லாம் அடுத்தவர் மெட்டுக்கு ஒரு ஸ்தாயி கீழே போய்த் தாங்கிக்கொண்டிருந்தார்.

அவரிடம்தான் பேச்சுக் கொடுத்தேன். இரண்டு தடவை அந்தப் போட்டிக்கு விண்ணப்பித்து இறுதிச் சுற்றுக்குப் போகாதவர். வருத்தமாக இல்லையா என்றேன். தோளைக் குலுக்கினார். லனார்க்‌ஷயரில் விஸ்டன் லாட்ஜ் என்ற பழைய மாளிகையில் போட்டியாளர்களைச் சில நாள் சேர்த்துத் தங்க வைப்பார்களாம். பயிற்சி, வகுப்பு, ராத்திரி எல்லாம் செஷன். “எனக்குப் போட்டி முடிந்ததே அங்கேதான். என் இப்போதைய குழுவில் பாதிப் பேர் அங்கே கிடைத்தவர்கள்” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, உங்கள் ஊரில் பிடில் உண்டா என்று கேட்டார்.

உண்டா என்றா கேட்டீர்கள்! 1800ஐ ஒட்டிச் சென்னையில் ஐரோப்பிய வித்வானிடம் பாலுஸ்வாமி தீட்சிதர் வயலின் கற்றதில் ஆரம்பித்து, அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் கும்பினி பாண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் நோட்டுஸ்வரம் எழுதியது வரை சொன்னேன். தரையில் உட்கார்ந்து, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்போம் என்றதும் ஒருவர் நாற்காலியிலேயே காலைத் தூக்கி முயன்று பார்த்தார். ஒரு மெட்டு பாடிக் காட்டச் சொன்னார்கள். எனக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது ‘சந்ததம் பாஹிமாம்’. அதன் மெட்டு ‘காட் சேவ் த கிங்’ என்பது பாடிப் பாதிவழி போனபிறகுதான் உறைத்தது. கிளாஸ்கோ பப்பில், அதுவும் இந்த மேஜையில், இங்கிலாந்து ராஜாவின் பாட்டு! ஒரு கணம் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அக்கார்டியன்காரர் அதே மெட்டை ஜிக் என்ற துள்ளல் நடன மெட்டாக மாற்றி ஆரம்பித்தார். நான் தப்பித்தேன்.

போட்டி பற்றிய பேச்சு அப்படியே நீல் கவ்விடம் போய் நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய பிடில் வித்வான், 1727இல் பிறந்தவர். பதினெட்டு வயதில் ஒரு போட்டியில் கலந்துகொண்டாராம். நடுவர் ஜான் மக்ரா, பார்வையற்றவர். யார் வாசிக்கிறார்கள் என்று நடுவருக்குத் தெரியாது என்பதுதான் ஏற்பாடு. பரிசு நீலுக்கே போனது. நூறு பேர் வாசித்தாலும் நீலின் வில் இழுப்பு எனக்குத் தெரியும் என்று சொன்னாராம் மக்ரா. பாரபட்சம் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாட்டில் நடுவர் இப்படிச் சொன்னால், போட்டி நேர்மையாக நடந்ததா இல்லையா என்று கேட்டேன். மேஜை இரண்டாகப் பிரிந்து கால் மணி நேரம் சண்டை போட்டது.

ஞாயிறு

சிட்டி ஹால்ஸ், கேண்டில்ரிக்ஸ் தெரு. 1841இல் கட்டியது, இப்போது பிபிசி ஸ்காட்டிஷ் சிம்பொனி இசைக்குழுவின் வீடு. செருப்புப் பெட்டி மாதிரி நீளமான ஹால். ஒலியமைப்பு அபாரம், பின்வரிசையில் யாரோ மிட்டாய்த் தாளைப் பிரித்தது மேடை வரை கேட்டிருக்கும். ரேடியோவில் நேரடி ஒலிபரப்பு என்பதால் ஆரம்பிக்குமுன் எப்போது கைதட்ட வேண்டும் என்று எங்களுக்கும் ஒரு ஒத்திகை. குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் ஒரு வரிசை முழுக்க ஒரே போட்டியாளரின் அத்தை, மாமா, சித்தப்பா. அவர் மேடை ஏறுமுன்னே அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

மேடையில் பக்கவாத்தியக் குழு நிரந்தரமாக இருக்கிறது. ஆறு பேருக்கும் அதே குழுதான். ஒவ்வொருவரும் வந்து கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வாசித்துவிட்டுப் போக வேண்டும். நியாயமான ஏற்பாடு என்றுதான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாவது ஆள் வந்தபோது எரிச்சல் வந்தது. ஏர் என்ற மெதுவான மெட்டு ஒன்று, அப்புறம் ஒரு மார்ச், அப்புறம் ரீல் என்ற வேகமான நடன மெட்டு, அதைவிட வேகமாக இன்னொரு ரீல், டிரம் திமிதிமியென்று எகிற, கடைசி ஸ்வரத்தில் வில்லை வானத்துக்குத் தூக்கி... ஹால் எழுந்து ஆரவாரம். வேகத்தில் முடித்தால் கைதட்டு நிச்சயம் என்பது எந்த ஊர் வித்வானுக்கும் தெரியும். ஆனால் பக்கவாத்தியம் இவ்வளவு கெட்டியாக இருக்கும்போது அதன்மேல் யார் ஏறி உட்கார்ந்தாலும் ஓடும். முன்னால் நிற்பவர் என்ன செய்கிறார் என்று பிரித்துக் கேட்க எனக்கு ரொம்பச் சிரமமாக இருந்தது.

பைப்பர் தம்பி துணிச்சல்காரன். பெரிய பைப்போடுதான் வந்தான். குழு அவனுக்காக அரைக் கட்டை ஏறியது. வெட்டுகள் கன கச்சிதம். ஆனால் நேற்று மேஜையில் பார்த்த கொடுக்கல் வாங்கல் அதில் இல்லை. அவன் வாத்தியத்தின் சுபாவம் அப்படி. அவனைக் குறை சொல்ல மாட்டேன். கேலிக் பாடகர் ஒருவர் வாய்ப்பாட்டாலேயே நடனத்துக்குத் தாளம் போடும் பாட்டுகளைப் பாடினார். வாத்தியம் கிடைக்காத வீடுகளிலும் ஆட வேண்டுமே என்று வந்த வகை. மூச்சு எங்கே எடுத்தார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஐந்தாவதாக ஒரு பிடில் பெண். குழுவைப் பார்த்துத் தலையசைத்தாள். எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். தனியாக ஒரு ஸ்ட்ராத்ஸ்பே. இது ஸ்காட்லாந்துக்கே உரிய நடை. தட்டு விழும் இடத்தில் ஸ்வரம் வெடுக்கென்று குறிலாக வந்து அடுத்தது நெடிலாக நீளும். தமிழ் வகுப்பில் படித்த ‘சுறா, விளாம்’ நிரையசை அப்படியே வில்லில் வருகிறது. பெரும்பாலோர் இதை ரீலுக்குப் போகும் வழியில் அவசரமாகத் தாண்டிவிடுவார்கள். இவள் ஆடுகிறவர்களின் கால் தரையில் பதிய நேரம் விட்டு வாசித்தாள். வலது குதிகால் மட்டும் மரத்தளத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஒரே மெட்டு, நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் அந்தக் குறில் கொஞ்சம் வேறு மாதிரி: ஒன்று கடித்தது, ஒன்று வழுக்கியது, ஒன்றில் வில் கம்பியை விட்டு எழும்பியே விட்டது. மூன்றாம் தடவை பியானோக்காரர் தாங்க முடியாமல் கீழ் ஸ்தாயியில் ஒரே ஒரு ஸ்வரம் வைத்தார். அது ஒத்திகையில் இருந்ததா என்று தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், அடுத்த வரியை அந்த ஸ்வரத்துக்குப் பதிலாக வாசித்தாள். கடைசியில் அவளும் ரீலுக்குப் போனாள். போகட்டும், கைதட்டு யாருக்கு வேண்டாம்.

ஆறாவது, அபர்டீன்ஷயர் பக்கத்துப் பாடகி. பண்ணையாட்களின் பழைய பாட்டு, டாரிக் வட்டார வழக்கில். எனக்குப் பாதிச் சொல் புரியவில்லை. ஹால் மட்டும் சரியான இடங்களில் எல்லாம் சிரித்தது.

இதை எழுதுவது வெளி மண்டபத்தில் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு. நடுவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்கள். வென்றவருக்குப் பிபிசியில் ஒரு ஒலிப்பதிவு, அப்புறம் வருடக் கடைசியில் மரபிசை விருது விழாவில் ஒரு மேடை. பெரிய தொகை எதுவும் கையில் விழாது. என் ஓட்டு ஐந்தாவது பெண்ணுக்கு. பக்கத்தில் நிற்கும் டண்டீக்கார அம்மா இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அவருடைய ஓட்டு ஆறாவதுக்கு.

“நீங்கள் பியானோக்காரரோடு அவள் சிரித்ததுக்கு மார்க் போடுகிறீர்கள்” என்கிறார். “மற்ற ஐந்து பேரும் மேடையில் இருந்த குழுவுக்குத்தான் வாசித்தார்கள். இந்தப் பெண் ஹாலில் இருந்த எங்களை அல்லவா பக்கவாத்தியமாக்கிக்கொண்டாள்? மூன்றாவது பல்லவியில் எல்லோரும் பாடினோமே, நீங்கள் பாடவில்லையா?”

சொல் தெரியவில்லை என்றேன். அதற்கென்ன, மெட்டு தெரியுமே என்றார். மணி அடித்துவிட்டார்கள். உள்ளே போவதற்குள் அந்தப் பல்லவியைச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார். வென்றவரை மறுபடி பாடச் சொல்வார்களாம், தன் ஆள்தான் ஜெயிப்பாள் என்பதில் அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை.